பங்கு கேட்ட தங்கை: சுயநலம் என்ற பழி யார்மேல் விழுகிறது?

1. கேள்வி

சார்பதிவாளர் அலுவலகங்களில் அன்றாடம் பதிவாகும் ஆவணங்களில் ஒன்று விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பாத்தியதையை ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம் அது. எழுதிக் கொடுப்பவர் பல நேரங்களில் கல்யாணமாகிப் போன சகோதரி. எழுதி வாங்குபவர் அண்ணன் அல்லது தம்பி. ஈடாக ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு "பெரிய மனசு" என்று பெயர் கிடைக்கும். போட மறுப்பவளுக்குக் கிடைக்கும் பெயர் வேறு: "சொத்துக்காகக் கூடப்பிறந்தவனையே கோர்ட்டுக்கு இழுத்தவள்."

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. சட்டப்படி அந்தப் பங்கு அவளுடையது. அவள் கேட்பது தன்னுடையதை மட்டும். அண்ணன் வைத்திருப்பதோ தன்னுடையதையும் அவளுடையதையும் சேர்த்து. கூடுதலாக எடுப்பவரைத்தான் சுயநலமி என்று சொல்ல வேண்டுமென்றால் பழி அண்ணன் பக்கம் போக வேண்டும். போவதில்லை. ஏன்?

குடும்பச் சண்டைகளில் இது ஒரு சிறு வகை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அன்றாட வாழ்வில் சுயநலம் என்று நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான களம் எனக்குத் தென்படவில்லை. ஒருவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை இந்தப் பழி அளப்பதில்லை. யாரிடமிருந்து எவ்வளவு விட்டுக்கொடுப்பு எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்த எதிர்பார்ப்பின் எல்லைக்கோடு பெரும்பாலும் வீட்டு வாசலில் போடப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் இக்கட்டுரையின் வாதங்கள்.

2. எல்லோரும் சுயநலமிகள்தாமா?

மேற்கத்திய மெய்யியலில் சுயநலம் பற்றிய விவாதம் பெரும்பாலும் மனத்தின் உள்நோக்கத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. மனிதன் செய்யும் எந்தக் காரியத்தின் அடியிலும் தன்னலம் இருக்கிறது என்ற கருத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் வழி திறந்துவிட்டார். 1714இல் தேனீக்கள் பற்றிய நீதிக்கதை நூலை வெளியிட்ட பெர்னார்ட் மாண்டவில், தனிமனிதரின் தீயகுணங்களே ஊருக்கு வளம் தருகின்றன என்று சீண்டினார். தருமம் செய்பவனும் தன் மன நிறைவுக்காகத்தானே செய்கிறான் என்ற டீக்கடை வாதம் இந்த மரபின் எளிய வடிவம்.

இதற்குப் போதுமான பதில் 1726லேயே வந்துவிட்டது. ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேய மதகுரு தம் பிரசங்கங்களில் சுட்டியது இதுதான்: பிறருக்கு உதவுவதில் எனக்கு நிறைவு கிடைக்கிறதென்றால், அவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். அந்த விருப்பம் இல்லாதவனுக்கு அந்த நிறைவும் இல்லை. ஆகவே நிறைவு கிடைத்தது என்பதை மட்டும் வைத்து, அதற்காகத்தான் செய்தான் என்று முடிவுகட்ட முடியாது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1977இல், அமர்த்தியா சென் பொருளியலாளர்களை நோக்கி இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். பிறர் துன்பம் நம்மை வருத்துவதால் உதவுவது ஒருவகை. தனக்கு இழப்பு என்று தெரிந்தும், அது தவறு என்பதற்காகவே எதிர்த்து நிற்பது வேறுவகை. இந்த இரண்டாவதற்கு இடம் தராத பொருளியல் மனிதன், சென்னின் கணிப்பில், அறிவாளி வேடமிட்ட முட்டாள்.

எதிர்த் திசையில் போனவர் அய்ன் ராண்ட். சுயநலமே நற்குணம் என்று 1964இல் ஒரு நூலுக்குப் பெயரிட்டார். துணிச்சல் போலத் தோன்றினாலும் அவர் பழைய தராசையே தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பது என் எண்ணம். தான், பிறர் என்ற இரண்டே தட்டுகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். பங்கு கேட்கும் தங்கையை இந்தத் தராசில் எந்தத் தட்டில் வைப்பது? தன் பங்கையும் கேட்கிறாள், அண்ணனுக்கு உரியதை அவனுக்கே விடவும் செய்கிறாள்.

இந்த விவாதம் முழுவதிலும் ஒரு போதாமை தொடர்கிறது. சுயநலம் என்ற சொல் நடைமுறையில் எப்படி எறியப்படுகிறது என்று யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. எறிகிறவர்கள் எவர் மனத்தையும் திறந்து பார்த்துவிட்டு எறிவதில்லை.

3. சட்டம் வந்த வழி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சட்டம் அதை எட்ட அறுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் வந்த 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல்நிலை வாரிசாக்கியது உண்மை. ஆனால் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, மகளுக்கு இல்லை. தாய் இல்லாத வீட்டில் தகப்பன், ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் இறந்ததும் சொத்து முதலில் தகப்பனுக்குப் பாதி, மகனுக்குப் பாதி என்று கணக்கில் பிரியும். பிறகு தகப்பனின் பாதி இரு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். முடிவில் மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால். அந்தக் கால் பங்கைக் கேட்கவும் இன்னொரு தடை இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை பெண் வாரிசு பாகப்பிரிவினை கோர முடியாது என்றது அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு. வீட்டைப் பிரிக்கச் சொல்லும் தம்பி உரிமை கோருகிறான், அதையே சொல்லும் தங்கை குடும்பத்தைக் கலைக்கிறாள் என்ற ஊர்ப்பேச்சைச் சட்டமொழியில் எழுதினால் ஏறக்குறைய இந்தப் பிரிவுதான் கிடைக்கும்.

ஆந்திரத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் ஆனாள். அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்கள் மட்டும் விலக்கப்பட்டார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை வந்தது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் 23ஆம் பிரிவையும் நீக்கியது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பதை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆக, சட்டத்தில் குழப்பம் அதிகம் மிச்சமில்லை. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 விழுக்காடு. கைப்பற்று என்பதும் உடைமை என்பதும் ஒன்றல்ல. இந்த எண்ணை வாரிசுரிமையின் நேரடி அளவாகக் கொள்ளக்கூடாது. இருந்தாலும் சட்டத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் எதுவோ நிற்கிறது என்பதற்கு இது போதும். அப்படி நிற்பவற்றில் பழிச்சொல்லும் ஒன்று.

இந்த இடைவெளி ஒரு மதத்துக்கோ மாநிலத்துக்கோ உரியதல்ல. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதைத்தான் தந்தது. அதை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் மகள்களுக்குச் சம உரிமை உண்டு என்றது. தீர்ப்பு வந்த பின்னும் அவர் பங்கு கைக்கு வந்துசேர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

4. கையெழுத்தின் கணக்கு

விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் சகோதரி ஏன் அப்படிச் செய்கிறாள்? பாசத்தால் என்பது குடும்பம் சொல்லும் விடை. தெற்காசியப் பெண்களின் நிலவுரிமை பற்றி 1994இல் விரிவான நூல் எழுதிய பீனா அகர்வால் வேறொன்றையும் காண்கிறார். புகுந்த வீட்டில் சண்டை, கைம்மை, கைவிடப்படுதல் என்று எது வந்தாலும் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சகோதரன் வீடு. பங்கைக் கேட்டால் அந்தக் கதவு சாத்தப்படும். தில்லிக் குடியிருப்புகளில் ஆய்வு செய்த ஸ்ரீமதி பாசு, உரிமை கேட்டு வருபவள் என்ற பட்டத்துக்குப் பெண்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதை 1999இல் வந்த நூலின் தலைப்பிலேயே வைத்தார்.

தமிழ்ச் சூழலில் இந்த அச்சத்துக்கு வடிவங்கள் துல்லியமாக உண்டு. பொங்கல் சீர் யார் கொண்டுவருவார்? பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பது? மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராவிட்டால் ஊர் என்ன பேசும்? "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அண்ணன் வந்து வாசல்ல நிக்க வேண்டாமா" என்ற கேள்வி உணர்ச்சிவயமானது போலத் தோன்றும். அதற்குள் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. சொத்துப் பங்கு ஒருமுறை வருவது. பிறந்த வீட்டு உறவோ ஆயுள் முழுக்க ஓடுவது. அண்ணனின் ஆதரவு இல்லாத பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை குறையும் என்பதை அறிந்தவர்களுக்கு, அரை ஏக்கருக்காக அதை இழப்பது நட்டக் கணக்கு.

இங்கேதான் வழக்கமான புரிதல் தடுமாறுகிறது. கையெழுத்திட்ட பெண், குறைந்தது ஓரளவுக்கு, தன் எதிர்காலப் பாதுகாப்பை எண்ணி இட்டிருக்கிறாள். அவளுக்குத் தன்னலமற்றவள் என்ற பெயர். இடாதவளோ அந்தப் பாதுகாப்பையே பணயம் வைத்திருக்கிறாள். பல வழக்குகளில் அவள் செலவழிக்கும் ஆண்டுகளும் வக்கீல் கட்டணமும் கிடைக்கும் பங்கின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தன் மகளுக்கு இந்த நிலை வரக்கூடாது என்றோ, நியாயம் நியாயம்தான் என்றோ அவள் நிற்கலாம். சென் சொன்ன இரண்டாம் வகைச் செயலுக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. அவளுக்குச் சுயநலமி என்ற பெயர். உள்நோக்கத்தைக் கொண்டு பார்த்தால் இரு பெயர்களும் இடம் மாறிக் கிடக்கின்றன.

சென்னே 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், குடும்பத்துக்குள் பெண்கள் தம் நலத்தைத் தனியாக உணர்வதே குறைவாக இருக்கலாம் என்றார். குடும்ப நலமே தன் நலம் என்று எண்ணிப் பழகியவர்கள் பேரத்தில் தோற்கிறார்கள் என்பது அவர் வாதம். அகர்வால் 1997இல் இதை மறுத்தார். வெளியே இணங்கிப் போவதைக் கண்டு உள்ளே தன் நலம் தெரியவில்லை என்று முடிவுகட்டக்கூடாது. வேறு வழி இல்லாததாலும் இணங்குவார்கள். விடுதலைப் பத்திரத்தைப் பொறுத்தவரை அகர்வால் பக்கமே சான்றுகள் கனமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. கையெழுத்துப் போட்ட பெண்கள் பல ஆண்டுகள் கழித்தும் அந்த நிலத்தின் இன்றைய மதிப்பைச் சரியாகச் சொல்வார்கள். தெரியாமல் விட்டவர்கள் அப்படிக் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

5. அண்ணன் தரப்பு

அண்ணன் தரப்புக்கும் நியாயம் கேட்க வேண்டும். அதில் இரண்டு வாதங்கள் வலுவானவை.

"அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே" என்பது ஒன்று. மானிடவியலில் இதற்கு ஆதரவு இல்லாமல் இல்லை. வரதட்சணை என்பது தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகளுக்குத் தரப்படும் வாரிசுப் பங்கு என்ற கருத்தை ஜாக் கூடியும் ஸ்டான்லி தம்பையாவும் 1973இல் முன்வைத்தார்கள். ஆனால் போட்ட நகை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் இந்தச் சமன்பாடு ஆட்டம் காண்கிறது. ரொக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. நகை முதல் நெருக்கடியிலேயே அடகுக் கடைக்குப் போகிறது. நிலமோ வருமானம் தருகிறது, கடன் வாங்கப் பிணையாகிறது, ஊரில் ஓர் அந்தஸ்தைத் தருகிறது. மேலும், மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் செலவழித்த தொகையை அவன் பங்கில் யாரும் கழிப்பதில்லை.

இரண்டாவது வாதம் கடினமானது: "அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்." பெற்றோரைப் பேணும் கடமையை 2007ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள் இருவர் மீதும் வைத்திருக்கிறது. கடமையில் பங்கெடுக்காமல் உரிமையில் மட்டும் பங்கு கேட்டால் உறுத்தல் வருவது இயல்பு. ஆனால் பார்த்துக்கொண்டது யார்? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சியதும் மாமியாரின் படுக்கையை மாற்றியதும் பெரும்பாலும் மருமகள். அந்த உழைப்பு அண்ணன் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, தங்கையின் பங்குக்கு எதிராக நிறுத்தப்படுகிறது. அந்த மருமகளோ தன் பிறந்த வீட்டில் தன் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவளாக இருக்கக்கூடும். அவள் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவள் அந்த வீட்டு மருமகள்.

உழைப்பவர் ஒருவர், உரிமை பெறுபவர் இன்னொருவர், பழி சுமப்பவர் மூன்றாமவர். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பார்த்தால் இந்தச் சுழற்சி தெரியாது. இரண்டு வீடுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

6. வாசலோடு நிற்கும் கணக்கு

அண்ணன்மேல் ஏன் பழி விழுவதில்லை என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அவன் எடுப்பது "குடும்பத்துக்காக". தனக்கென்று எடுத்தால் சுயநலம், வீட்டுக்கென்று எடுத்தால் பொறுப்பு. கல்யாணமாகிப் போன தங்கை அந்த வீட்டுக்குள் இப்போது இல்லை. ஆகவே அவளுக்குக் கொடுப்பது வெளியே போவது.

இந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நடப்பதைப் பற்றி நாம் இன்னும் குறைவாகப் பேசுகிறோம். அமெரிக்க அரசியலறிஞர் எட்வர்ட் பேன்ஃபீல்ட் 1950களில் தென் இத்தாலியின் கியாரோமோன்தே என்ற ஊரில் தங்கி ஆராய்ந்து, 1958இல் ஒரு நூல் எழுதினார். தன் வீட்டின் உடனடி ஆதாயத்துக்கு மேல் எதையும் கருதாத ஒழுக்கத்தால் அந்த ஊர் முன்னேறவில்லை என்பது அவர் முடிவு. அதற்கு வந்த மறுப்புகளும் வலுவானவை. நிலம் எப்படிப் பகிரப்பட்டிருந்தது, வேளாண்மை எப்படி அமைந்திருந்தது என்பதுதான் காரணம். அந்த மனப்பான்மை அதன் விளைவு என்று சிடெல் சில்வர்மன் 1968இல் வாதிட்டார். ஓர் ஊரையே ஒழுக்கத்தில் பின்தங்கியதாகச் சித்திரிக்கும் பேன்ஃபீல்டின் தொனியை இன்று ஏற்க முடியாது. ஆயினும் அவர் சுட்டிய வகை உண்மையானது: தன்னலமே இல்லாத மனிதர்களால் ஆன சுயநல வீடு.

2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றியபோது நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வசதியுள்ள வீடுகள் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தின. அடுக்ககங்கள் லாரித் தண்ணீர் வாங்கின. அந்த லாரிகளில் பல சுற்றுப்புறக் கிராமங்களின் நிலத்தடி நீரை ஏற்றி வந்தவை. நகரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நீர் எடுத்துச் செல்லப்படுவதால் உண்டாகும் பூசல்களைச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் அதற்கு முன்பே ஆராய்ந்து எழுதியிருந்தார். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென்றே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987 முதல் இருக்கிறது. ஆனால் தன் மனைக்கு அடியில் உள்ள நீர் தன்னுடையது என்ற எண்ணத்துக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வேராக இருக்கிறது. முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று துளைத்த குடும்பத் தலைவரை யாரும் சுயநலமி என்று சொல்லவில்லை. "வீட்டுல ஒரு நாளும் தண்ணிக் கஷ்டம் தெரியாம பாத்துக்கிட்டாரு" என்றுதான் சொன்னார்கள். அதே வீட்டில் மருமகள் பத்து நிமிடம் கூடுதலாகக் குளித்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்கும்.

பழைய ஏரிப்பாசன ஊர்களில் இப்படி இல்லை, எல்லோரும் கூடிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று சொல்லும் வழக்கம் உண்டு. டேவிட் மாஸ் தமிழக ஏரிப்பாசனத்தைப் பற்றி 2003இல் எழுதிய நூலைப் படித்தபின் அப்படி எளிதாகச் சொல்ல முடியவில்லை. மடையைத் திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சி பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். அவருக்கு அந்த ஆயக்கட்டில் வயல் இல்லாததை அவருடைய நடுநிலை என்று புகழ்வது கொஞ்சம் கூச்சம் தர வேண்டிய காரியம்.

7. மாற்று அளவுகோல்

தன்னை எண்ணினாரா என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு என்ன கேட்கலாம்? இங்கே கரோல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூல் ஒரு வழி காட்டுகிறது. கருக்கலைப்புப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த 29 அமெரிக்கப் பெண்களிடம் அவர் பேசினார். சுயநலம், பொறுப்பு என்ற இரு சொற்களும் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. தொடக்கத்தில் பலருக்குத் தன்னை எண்ணுவதே சுயநலமாகத் தோன்றியது. சிலர் பிறகு வேறொரு கேள்விக்கு வந்தார்கள்: நான் அக்கறை காட்ட வேண்டிய மனிதர்களின் வரிசையில் நான் மட்டும் ஏன் இல்லை? சிறிய, ஒரு நாட்டுக்குள் அடங்கிய ஆய்வு இது. அக்கறை என்பது பெண்களின் தனிக்குணம் என்று இதிலிருந்து முடிவு செய்தவர்கள் மிகையாக வாசித்தார்கள். ஆனால் கணக்கில் விடுபட்ட தலை ஒன்று உண்டு என்று காட்டியது பெரிய காரியம்.

இதை அடியொற்றி நான் முன்வைக்கும் அளவுகோல்: ஒருவர் எடுப்பதன் செலவை யார் சுமக்கிறார்கள், அவர்களால் மறுக்க முடியுமா என்று பார்ப்பது. மறுத்தால் தண்டனை உண்டு என்ற நிலையில் பெறப்படும் விட்டுக்கொடுப்பு, எவ்வளவு அன்போடு பெறப்பட்டாலும், பெறுபவர் பக்கத்தில் சுயநலமே. இந்த அளவில் விடுதலைப் பத்திரமும் ஐந்நூறு அடிக் கிணறும் ஒரே வகைக்குள் வருகின்றன. ஒன்றில் செலவைச் சுமப்பவளுக்கு மறுக்கும் உரிமை இருந்தும் மறுக்கும் நிலை இல்லை. மற்றதில் பக்கத்துக் கிராமத்து உழவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

எல்லா வழக்கையும் இது தீர்த்துவிடாது. தங்கை நகரத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள், அண்ணன் ஊரில் ஒன்றே முக்கால் ஏக்கரை நம்பிப் பிழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரிக் கைப்பற்று 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய அந்த அளவுதான். அதில் பாதியைப் பிரித்துக் கேட்பவளைப் பற்றி என்ன சொல்வது? அவள் விட்டுக்கொடுத்தால் நான் மதிப்பேன். மறுக்க முடிந்தவள் விட்டுக்கொடுப்பது என்பதால்தான் அந்த மதிப்பு. கேட்டால் குறை சொல்ல எனக்கு வழியில்லை. துண்டு துண்டாகப் பிரித்தால் விவசாயம் என்ன ஆவது என்ற கேள்வி இங்கே தவறாமல் எழும். அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அதே ஒன்றே முக்கால் ஏக்கர் இரண்டு அண்ணன் தம்பிகளுக்கிடையே பிரியும்போது நடுவில் வரப்பு போடுவதற்கு ஊரே கூடி நின்று கயிறு பிடிக்கிறது. தம்பியைப் பார்த்து நிலத்தைத் துண்டாக்கினாய் என்று இதுவரை எந்தப் பஞ்சாயத்தும் கேட்டதாகத் தெரியவில்லை.